விரைந்தோடும் நீர் வெப்பத்தை விட்டுவிடுமா?

(நீரால் குளிர்விக்கப்படும் கணிப்பொறிகளில் ஓட்ட வீதமும் வெப்பநிலையும்)

முன்னுரை

இயற்பியலைப் பாடமாக எடுத்துப் பயிலும் மாணவர்களில் காலண்டர்–பார்ன்ஸ் சோதனையை அறியாதவர் அரியர். ஒரு நீண்ட கண்ணாடிக் குழாய். அதனுள் நெடுகச் செல்லும் மின்கம்பிச் சுருள். ஒரு முனையில் நீர் நுழைகிறது, மறுமுனையில் வெளியேறுகிறது. இரு முனைகளிலும் ஒவ்வொரு வெப்பநிலைமானி. மின்னோட்டத்தைச் செலுத்திவிட்டு, வெப்பநிலைமானிகளின் அளவீடு மாறாமல் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு நீரின் ஓட்டத்தை மாற்றிவிட்டு மறுபடியும் காத்திருக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் சோதனை என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

இச்சோதனையை முதன்முதலில் செய்தபோது நான் கண்டது இது: நீரை மெதுவாக விட்டால் வெளிவரும் நீர் நன்கு வெதுவெதுப்பாக இருந்தது; வேகமாக விட்டால் அது ஏறக்குறையக் குளிர்ந்தே வந்தது. உடனே பதிவேட்டில், "வேகமாக ஓடும் நீருக்கு வெப்பத்தை ஏற்றுக்கொள்ள நேரம் போதாது. ஆகவே அது குறைந்த வெப்பத்தையே எடுத்துச் செல்கிறது" என்று முடிவெழுதிவிட்டேன். பதிவேடு திரும்பி வந்தபோது அவ்வரியின் கீழே சிவப்பு மையில் ஒரு கேள்வி இருந்தது: "அப்படியானால் மீதி வெப்பம் எங்கே போயிற்று?"

அந்த ஒரு கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. அன்று நான் செய்த பிழை எனக்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறிகளை நீரால் குளிர்விக்கும் முறை பற்றிப் பேசுவோரிடையிலும், மோட்டார் வண்டிகளைப் பழுது பார்ப்போரிடையிலும் இதே பிழை வழங்கி வருகிறது. "தண்ணீர் ரொம்ப வேகமாகப் போனால் சூட்டை எடுக்காது" என்பது அவர்கள் வாக்கு. இது உண்மையா, உண்மையெனில் எவ்வளவு உண்மை, பொய்யெனில் எங்கே பொய் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கணிப்பொறிக்கு நீர் எதற்கு?

கணிப்பொறி உண்ணும் மின்னாற்றல் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. 1946-இல் அமெரிக்காவில் இயக்கிக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது உண்ட திறன் சுமார் 150 கிலோவாட். விசிறிகளால் காற்றைச் செலுத்தியே அதைக் குளிர்வித்தனர். குழல்கள் மறைந்து டிரான்சிஸ்டர்களும், பின்னர் தொகுப்புச் சுற்றுகளும் வந்தபோது உறுப்புகள் சிறுத்தன. ஆனால், சிறிய இடத்தில் பலவற்றை நெருக்கி வைத்ததால் ஒரு சதுரச் சென்டிமீட்டரில் எழும் வெப்பம் குறையவில்லை, கூடிற்று.

காற்றால் இயலாத இடத்தில் நீரை நாடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு கன மீட்டர் காற்றை 1 டிகிரி சூடேற்றச் சுமார் 1.2 கிலோஜூல் போதும். ஒரு கன மீட்டர் நீரை 1 டிகிரி சூடேற்றச் சுமார் 4,180 கிலோஜூல் வேண்டும். அதாவது, ஒரே பருமனில் நீர் காற்றைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். வெப்பத்தைக் கடத்தும் திறனிலும் நீர் காற்றைவிட 20 மடங்கிற்கு மேல் உயர்ந்தது.

1980-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 3081 என்னும் பெருங்கணிப்பொறி இவ்வகையில் ஒரு மைல்கல் எனலாம். சுமார் 9 சென்டிமீட்டர் சதுரமான பீங்கான் தகடு ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகள் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு சில்லின் முதுகையும் வில்லால் அழுத்தப்பட்ட ஓர் உலோக முளை தொட்டுக்கொண்டிருந்தது. இடைவெளிகளில் வெப்பத்தை நன்கு கடத்தும் ஹீலியம் வாயு நிரப்பப்பட்டது. மேலே நீர் ஓடும் குளிர்தகடு. இத்தகைய ஒரு தொகுதி 300 வாட் வரை வெப்பத்தைத் தாங்கியது.

1990-களில் குறைந்த மின்திறனில் இயங்கும் சிமாஸ் வகைச் சில்லுகள் பெருங்கணிப்பொறிகளிலும் இடம்பிடித்தபோது நீரின் தேவை சில காலம் குறைந்தது. ஆனால் அச்சில்லுகளிலும் வெப்பம் ஏறிக்கொண்டே போயிற்று. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவதற்குள் பெருங்கணிப்பொறிக் கூடங்களுக்கு நீர்க் குழாய்கள் திரும்பி வந்தன. வீட்டு மேசை மேலுள்ள கணிப்பொறிகளிலும் ஒரு சிறு பம்பு, ஒரு குளிர்தகடு, விசிறி பொருத்திய ஒரு ரேடியேட்டர் ஆகியவற்றைக் கொண்ட நீர்ச்சுற்று இன்று பரவலாகக் காணப்படுகிறது. அவ்வாறு அமைப்போர் எல்லோரும் கேட்கும் கேள்வி, "பம்பை எவ்வளவு வேகத்தில் ஓட்டுவது?" என்பதே.

முதற் கணக்கு

காலண்டர்–பார்ன்ஸ் சோதனையின் வாய்பாடே நமக்கு இங்கும் துணை. நிலையான நிலையில்,

வெப்பத் திறன் = ஒரு விநாடியில் ஓடும் நீரின் நிறை × நீரின் தன்வெப்பம் × நீரின் வெப்பநிலை உயர்வு.

200 வாட் உண்ணும் ஒரு சில்லை எடுத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 1 லிட்டர் நீர் ஓடுகிறது என்க. அது விநாடிக்கு 16.7 கிராம். நீரின் தன்வெப்பம் கிராமுக்கு 4.18 ஜூல். இரண்டையும் பெருக்க, ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் சுமார் 70 வாட் என்றாகிறது. ஆகவே 200 வாட்டுக்கு நீரின் வெப்பநிலை 2.9 டிகிரி உயரும். ஓட்டத்தை 2 லிட்டராக்கினால் உயர்வு 1.4 டிகிரி. 4 லிட்டராக்கினால் 0.7 டிகிரி. பாதி லிட்டராகக் குறைத்தால் 5.7 டிகிரி.

இந்த எண்களைக் கொண்டு என் பழைய பிழையைப் பார்ப்போம். ஓட்டம் மிக மிக ஒவ்வொரு கிராம் நீரும் ஏற்கும் வெப்பம் குறைகிறது என்பது மெய்யே. ஆனால் ஒரு விநாடியில் கடந்து செல்லும் கிராம்களின் எண்ணிக்கை அதே அளவில் கூடுகிறது. இரண்டையும் பெருக்கினால் வருவது எப்போதும் 200 வாட்தான். சில்லு 200 வாட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கையில், அதன் வெப்பநிலை ஏறாமலும் இறங்காமலும் நிற்கிறது என்றால், நீர் 200 வாட்டை எடுத்துச் செல்கிறது என்பதைத் தவிர வேறு பொருளில்லை. மீதி வெப்பம் எங்கும் போகவில்லை. மீதி என்று ஒன்று இருக்கவே இல்லை. வெளிவரும் நீரின் வெப்பநிலையைக் கண்டு, அது சுமந்து வந்த வெப்பத்தின் அளவு என்று நான் மயங்கியதே பிழைக்குக் காரணம். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று உயர்நிலைப் பள்ளியில் படித்த முதற் பாடத்தை நான் மறந்துவிட்டேன்.

நகரப் பேருந்து உவமை

இதை நம் ஊர்ப் பேருந்து நிலையத்தால் விளக்கலாம். ஒரு நிறுத்தத்திற்கு மணிக்கு 120 பேர் ஒரே சீராக வந்துகொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரை மணிக்கு ஒரு பேருந்து வந்தால் ஒவ்வொன்றிலும் 60 பேர் முண்டியடித்து ஏறுவர். பத்து நிமிடத்திற்கு ஒன்று வந்தால் ஒவ்வொன்றிலும் 20 பேரே ஏறுவர். பேருந்து காலியாகப் போவதைக் கண்டு, "அடிக்கடி பேருந்து விட்டால் ஆட்கள் ஏறுவதில்லை" என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம். மணிக்குச் செல்வோர் இரு நிலையிலும் 120 பேரே. மாறியது, நிறுத்தத்தில் காத்து நிற்கும் கூட்டம்.

அந்தக் கூட்டத்தைச் சில்லின் வெப்பநிலைக்கு ஒப்பாகக் கொள்க. பேருந்துகள் அடிக்கடி வரக் கூட்டம் குறைகிறது. நீர் விரைந்தோட வெப்பநிலை குறைகிறது. நிமிடத்திற்கு ஒரு பேருந்து விட்டால் கூட்டமே இராதா? அங்கேதான் இரண்டாவது உண்மை வருகிறது. நிறுத்தத்திற்குள் நுழையும் வாயில் ஒடுக்கமாக இருந்தால், ஆயிரம் பேருந்து விட்டாலும் வாயிலுக்கு வெளியே கூட்டம் நிற்கத்தான் செய்யும். அது பேருந்தின் குறையன்று, வாயிலின் குறை.

வெப்பம் கடக்கும் படிகள்

சில்லில் பிறந்த வெப்பம் வெளிக்காற்றை அடைவதற்குள் பல படிகளைக் கடக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு வெப்பநிலை வேறுபாடு தேவைப்படுகிறது. மின்னோட்டத்திற்கு ஓம் விதி கூறும் தடையைப் போன்றே இதனை வெப்பத்தடை என்பர்.

முதற்படி, சில்லின் உட்பகுதியிலிருந்து அதன் உறை, இடையிலே தடவப்பட்ட வெப்பக் களிம்பு, குளிர்தகட்டின் செம்பு ஆகியவற்றின் வழியே நிகழும் வெப்பக் கடத்தல். இப்படிக்கும் நீரின் வேகத்திற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. பேருந்து நிறுத்தத்தின் ஒடுங்கிய வாயில் இதுவே.

இரண்டாம் படி, செம்பிலிருந்து நீருக்கு. ஓடும் நீர் உலோகச் சுவரைத் தொடும் இடத்தில் அசையாமல் நிற்கிறது. சற்றுத் தள்ளியே வேகம் பெறுகிறது. இந்த மெல்லிய எல்லைப் படலம் ஒரு போர்வை போல் வெப்பத்தைத் தடுக்கிறது. சுடுபால் டம்ளரைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆற்றும்போது, சுற்றியுள்ள நீரைக் கையால் கலக்கிவிட்டால் பால் விரைவில் ஆறுவதை வீட்டில் பார்த்திருக்கிறோம். கலக்குவதால் நடப்பது இப்போர்வை மெலிவதேயாகும்.

நீரோட்டத்தின் இயல்பைத் தெளிவாக்கியவர் ஆசுபர்ன் ரெய்னால்ட்ஸ். 1883-இல் மாஞ்செஸ்டர் நகரில், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். மெதுவாக ஓடியபோது சாயம் ஒரு நேர்கோடாக நீண்டது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் சிதறிக் கலந்தது. முன்னது வரிச்சீர் ஓட்டம், பின்னது சுழிப்பு ஓட்டம். ரெய்னால்ட்ஸ் எண் சுமார் 2,000-க்குக் கீழே இருந்தால் ஓட்டம் வரிச்சீராகவும், சுமார் 4,000-க்கு மேலே இருந்தால் சுழிப்பாகவும் இருக்கும். உட்புற விட்டம் 10 மில்லிமீட்டர் உள்ள குழாயில் 30 டிகிரி நீர் நிமிடத்திற்கு அரை லிட்டர் ஓடினால் அவ்வெண் ஏறத்தாழ 1,300. 2 லிட்டர் ஓடினால் ஏறத்தாழ 5,300. சுழிப்பு ஓட்டத்தில் சுவரிலிருந்து நீர் வெப்பத்தை ஏற்கும் திறன், வேகத்தின் 0.8 அடுக்கிற்கு ஏற்பக் கூடுகிறது. வேகத்தை இரட்டித்தால் அது சுமார் 1.7 மடங்காகும். ஆக, விரைந்தோடும் நீர் சுவரிலிருந்து வெப்பத்தை மேலும் எளிதாகவே வாங்குகிறது. மக்கள் வாக்கு இங்கே முற்றிலும் தலைகீழாகிவிடுகிறது.

ஆனால் குளிர்தகட்டினுள் உள்ளவை பெருங்குழாய்கள் அல்ல. மில்லிமீட்டரின் சிறு பகுதியே அகலமுள்ள நுண்கால்வாய்கள். அவற்றில் ஓட்டம் பெரும்பாலும் வரிச்சீராகவே இருக்கும். நன்கு நிலைபெற்ற வரிச்சீர் ஓட்டத்தில் வேகத்தைக் கூட்டினாலும் வெப்ப ஏற்பு அவ்வளவாகக் கூடாது. கால்வாயின் நுழைவாயிலை ஒட்டிய பகுதியில்தான் படலம் மெலிந்து சிறிது நன்மை கிட்டும். அங்கே உண்மையான பயன் தருவது கால்வாயின் ஒடுக்கமே. அகலம் பாதியானால் வெப்பம் கடக்க வேண்டிய நீரின் தடிப்பும் பாதியாகிறது அன்றோ? 1981-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டக்கர்மன், பீஸ் ஆகிய இருவரும் சிலிக்கன் துண்டிலேயே 0.05 மில்லிமீட்டர் அகலமும் 0.3 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள கால்வாய்களை வெட்டி நீரைச் செலுத்தினர். ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பத்தை, 71 டிகிரி உயர்வுடன் நீக்கிக் காட்டினர். அன்று பலரும் இயலாது என்று கருதிய அளவு அது.

மூன்றாம் படி, ரேடியேட்டரில் நீரிலிருந்து காற்றுக்கு. இங்கே பெருந்தடை காற்றின் பக்கத்தில்தான் இருக்கிறது. நீரை எவ்வளவு விரட்டினாலும் காற்றின் தடை குறையாது. அதற்கு விசிறி வேண்டும், அல்லது ரேடியேட்டரின் பரப்புக் கூட வேண்டும். "ரேடியேட்டரில் நீர் நின்று குளிர நேரம் வேண்டாமா?" என்பாருக்கும் மேற்சொன்ன விடையே போதும். மூடிய சுற்றில் அதே நீர் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு முறை தங்கும் நேரம் பாதியானால், வந்துபோகும் தடவைகள் இரட்டிப்பாகின்றன. ஒரு மணி நேரத்தில் ஒரு துளி நீர் ரேடியேட்டரில் கழிக்கும் மொத்த நேரம் மாறுவதே இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு

இம்மூன்று படிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்ப்போம். கீழ்வரும் தடை மதிப்புகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. அறையின் வெப்பநிலை 30 டிகிரி. சில்லின் திறன் 200 வாட். ரேடியேட்டரின் தடை வாட்டுக்கு 0.04 டிகிரி; ஆகவே நீரின் சராசரி வெப்பநிலை காற்றைவிட 8 டிகிரி உயர்ந்திருக்கும். சில்லு முதல் செம்பு வரையுள்ள தடை வாட்டுக்கு 0.10 டிகிரி, அங்கே 20 டிகிரி. இவ்விரண்டும் ஓட்டத்தால் மாறாதவை எனக் கொள்வோம். ஆக 58 டிகிரி என்பது அடித்தளம்.

இதன் மேல் எல்லைப் படலத்தின் வேறுபாடு, நிமிடத்திற்கு 1 லிட்டர் ஓட்டத்தில் 6 டிகிரி என்றும், ஓட்டத்தின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் மாறும் என்றும் கொள்வோம். அத்துடன், நீர் வெளியேறும் ஓரத்தில் அது சராசரியைவிடச் சற்றுச் சூடாக இருப்பதால், முன்பு கண்ட உயர்வில் பாதியையும் கூட்டுவோம். சில்லின் வெப்பநிலை பின்வருமாறு அமையும்.

நிமிடத்திற்கு அரை லிட்டர்: 58 + 8.5 + 2.9 = 69.4 டிகிரி
நிமிடத்திற்கு 1 லிட்டர்: 58 + 6.0 + 1.4 = 65.4 டிகிரி
நிமிடத்திற்கு 2 லிட்டர்: 58 + 4.2 + 0.7 = 62.9 டிகிரி
நிமிடத்திற்கு 4 லிட்டர்: 58 + 3.0 + 0.4 = 61.4 டிகிரி

ஒவ்வொரு வரியிலும் ஓட்டத்தை இரட்டித்திருக்கிறோம். முதல் இரட்டிப்பால் கிடைத்தது 4 டிகிரி. அடுத்ததால் 2.5 டிகிரி. அதற்கடுத்ததால் 1.5 டிகிரி. ஓட்டம் கூடக் கூட வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகிறது. ஓரிடத்திலும் திரும்பி ஏறவில்லை. ஆயினும் இறக்கத்தின் அளவு சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆற்று நீர் முழுவதையும் திருப்பி விட்டாலும் இந்தச் சில்லை 58 டிகிரிக்குக் கீழே கொண்டுவர இயலாது. அதற்கு நல்ல களிம்போ, பெரிய ரேடியேட்டரோ, வலிய விசிறியோ தேவை.

பம்பு கேட்கும் விலை

நீரைத் தள்ளுவதற்கு விலை உண்டு. சுழிப்பு ஓட்டத்தில் தேவைப்படும் அழுத்தம், ஏறத்தாழ ஓட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது. பம்பின் திறன் என்பது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கி வருவது. ஆகவே திறன், ஓட்டத்தின் மும்மடிக்கு நெருக்கமாகக் கூடும். ஓட்டம் இரட்டித்தால் திறன் 8 மடங்கு. நான்கு மடங்கானால் 64 மடங்கு! ஒடுங்கிய கால்வாய்களில் வரிச்சீர் ஓட்டம் இருக்குமிடத்தில் இது வர்க்கம் அளவுக்குத் தணியும். எனினும் அதுவும் சிறிய விலையன்று.

மேலும், பம்பு உண்ணும் ஆற்றலில் பெரும்பகுதி உராய்வினால் நீரிலேயே வெப்பமாக இறங்குகிறது. நம் மாதிரிக் கணக்கில் 4 லிட்டர் ஓட்டத்திற்காகப் பம்பு கூடுதலாக 15 வாட் உண்டால், ரேடியேட்டர் அந்த 15 வாட்டையும் வெளியேற்ற வேண்டும். 15-ஐ 0.04-ஆல் பெருக்க 0.6 டிகிரி. கிடைத்த 1.5 டிகிரி இலாபத்தில் 0.6 டிகிரி இப்படியே கரைந்துவிடும். வேகத்தைக் கூட்டியும் பயனில்லை, சில வேளைகளில் சற்றுத் தீங்கே நேர்ந்தது என்று சிலர் கூறுவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அல்லது அதிவேகத்தில் பம்பு காற்றுக் குமிழிகளை இழுத்ததாக இருக்கலாம். நீருக்கு நேரம் போதாமை ஒருநாளும் காரணமன்று.

பேரளவில் இதே கணக்கைக் காண்போம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் உள்ள பிராண்டியர் என்னும் பெருங்கணிப்பொறி, 2022-இல் விநாடிக்கு 1-க்குப் பின் 18 சுழிகள் இட்ட எண்ணிக்கையைத் தாண்டிக் கணக்கிட்டது. அந்தச் சோதனையின்போது அது உண்ட திறன் சுமார் 21 மெகாவாட். 350 குதிரைத்திறன் கொண்ட நான்கு பம்புகள் நிமிடத்திற்கு 6,000 அமெரிக்க காலன் நீரை, அதாவது சுமார் 22,700 லிட்டரைச் செலுத்தும் வகையில் அது அமைக்கப்பட்டது. நம் செய்முறைக் கூடத்து வாய்பாட்டில் இந்த எண்களை இட்டுப் பார்த்தால், வெப்பம் முழுவதும் நீரில் சேர்வதாகக் கொண்டு, நீரின் உயர்வு சுமார் 13 டிகிரி என்று வருகிறது.

ஓட்டத்தை இரட்டித்தால் அந்த உயர்வு 6.6 டிகிரியாகக் குறையும். ஆனால் நான்கு பம்புகளின் மொத்த மதிப்பான 1,400 குதிரைத்திறன், அதாவது சுமார் 1 மெகாவாட், அதே குழாய்களில் 8 மெகாவாட்டாக உயர வேண்டியிருக்கும். கணிப்பொறி உண்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பம்புகளே உண்டுவிடும். பொறியாளர் அறியாமையால் ஓட்டத்தை ஓரளவில் நிறுத்தவில்லை. கணக்குத் தெரிந்தே நிறுத்தினர் என்பது இதனால் விளங்கும்.

ஓட்டம் குன்றினால்

மிகுதியால் பெருங்கேடில்லை, குறைவால் உண்டு. நம் மாதிரியில் ஓட்டம் நிமிடத்திற்கு 100 மில்லிலிட்டராகக் குன்றினால், நீரின் உயர்வு 29 டிகிரி அளவுக்கும், சில்லின் வெப்பநிலை 90 டிகிரிக்கு மேலும் போய்விடும். பம்பு நின்றேவிட்டால்? குளிர்தகட்டினுள் 50 கிராம் நீர் இருப்பதாகக் கொண்டால், அதனை 1 டிகிரி உயர்த்த 209 ஜூல் போதும். 200 வாட் அதை ஏறக்குறைய ஒரு விநாடியில் தந்துவிடும். அதாவது விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் நீர் சூடேறும். ஒரு நிமிடத்தில் கொதிநிலையை நெருங்கும். நல்லவேளையாக, இன்றைய சில்லுகள் ஓர் எல்லையைத் தாண்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன; அதற்கும் மேல் சென்றால் நின்றுவிடுகின்றன. ஆகவே பம்பின் வேகத்தை உயர்த்துவதைவிட, பம்பு ஓடுகிறதா என்று காட்டும் ஓர் உணர்கருவி பொருத்துவதே அறிவுடைமை.

அளப்பதில் கவனம்

இதைச் சோதித்துப் பார்க்க விரும்பும் மாணவர்கள் மூன்றை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது பொறுமை. சுற்றில் 1 லிட்டர் நீர் இருந்தால் அதன் வெப்ப ஏற்புத்திறன் 4,180 ஜூல். இதை 0.04-ஆல் பெருக்க 167 விநாடி வருகிறது. இது அமைப்பின் கால மாறிலி. நிலையான அளவீட்டுக்கு இதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது ஏறத்தாழக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் அளந்துவிட்டு முடிவு கூறுவது தகாது. இரண்டாவது, அறையின் வெப்பநிலையையும் உடன் குறித்து, வேறுபாட்டையே ஒப்பிட வேண்டும். காலையில் ஓர் அளவும் பிற்பகலில் ஓர் அளவும் எடுத்தால், நாம் அளப்பது ஓட்டத்தின் விளைவையன்று, வெயிலின் விளைவையே. மூன்றாவது, விசிறியின் வேகத்தையும் சில்லின் வேலையையும் மாற்றாமல் ஓட்டத்தை மட்டுமே மாற்ற வேண்டும்.

வெந்நீராலும் குளிர்விக்கலாம்

வெப்பத்தடைகளைக் குறைத்துவிட்டால் வியப்பான ஒரு பயன் உண்டு. 2010-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஐ.பி.எம். நிறுவனம் அமைத்த அக்வாசார் என்னும் கணிப்பொறி, 60 டிகிரி வரை சூடான நீரால் குளிர்விக்கப்பட்டது! நுண்கால்வாய்கள் சில்லுக்கு மிக அருகில் அமைந்ததால் அந்நீரே சில்லுகளை 85 டிகிரிக்குள் வைத்திருக்கப் போதுமானதாயிற்று. சுற்றில் இருந்தது 10 லிட்டர் நீர். ஓட்டம் நிமிடத்திற்குச் சுமார் 30 லிட்டர். அதாவது ஒவ்வொரு துளியும் 20 விநாடிக்கு ஒரு முறை சுற்றி வந்தது. வெளிவந்த வெந்நீர் குளிர்நாட்டுக் கட்டடங்களைச் சூடாக்கப் பயன்பட்டது.

நம்மைப் போன்ற வெப்ப நாட்டினர்க்கு இதில் வேறொரு பாடம் உண்டு. 40 டிகிரி வெயிலிலும் வெளிக்காற்றைக் கொண்டே 45 டிகிரி நீரைப் பெறலாம். குளிர்பதன எந்திரங்களுக்கு மின்சாரத்தைச் செலவிட வேண்டியதில்லை. மிகக் குளிர்ந்த நீரினால் இடரும் உண்டு. 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள கடற்கரை ஊர்க் காற்றின் பனிநிலை சுமார் 26 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த குழாயின் மீது, ஐஸ் தண்ணீர் டம்ளரில் அரும்புவது போல், நீர் அரும்பும். மின்சுற்றின் மேல் அது சொட்டினால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். ஓட்டம் கூடினால் சில்லின் வெப்பநிலை குறையும், கூடாது. ஆனால் அக்குறைவு வரவரச் சிறுத்து, ஓர் அடித்தளத்தை நெருங்கி நின்றுவிடும். பம்பின் செலவோ வரவரப் பெருத்துக்கொண்டே போகும். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்பதே பொறியியல். நம் மாதிரியில் அவ்விடம் நிமிடத்திற்கு 1 முதல் 2 லிட்டர் வரை.

என் பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, "ஒவ்வொரு கிராமும் குறைவாகச் சுமந்தது; ஆனால் கிராம்கள் பல வந்தன. மொத்த வெப்பம் மாறவில்லை" என்று எழுதினேன். ஆசிரியர் வேறெதுவும் எழுதாமல் கையொப்பமிட்டார். ஓர் ஓட்டை விழுந்த கண்ணாடிக் குழாயும் இரண்டு வெப்பநிலைமானிகளும் கொண்டு நாம் செய்யும் சோதனையின் வாய்பாடே, உலகின் பெருங்கணிப்பொறிக் கூடத்து நீர்க் குழாய்களையும் ஆள்கிறது. அடுத்த முறை அந்த மேசை முன் நின்று, அளவீடு நிலைபெறுவதற்காகக் காத்திருக்கும் நண்பர்கள், வெளிவரும் நீர் குளிர்ந்திருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். மீதி வெப்பம் எங்கே போயிற்று என்று தம்மைத் தாமே ஒரு முறை கேட்டுக்கொள்வார்களாக.